கரைக்கு வராத மீனின் விலை

பி.காம். முடித்ததும், எங்கும் வேலை பார்க்காமலேயே எம்.காம். சேர விண்ணப்பம் வாங்கிவிட்டேன். அந்த வாரம் அத்தானுக்குக் காய்ச்சல். அவருடைய கருவாட்டுக் கடைக்கு மீன் எடுக்க ராயபுரம் கடற்கரைக்கு நான் போனேன். முதல் படகு மீனை ஏலத்தில் அதிக விலைக்குக் கேட்க வாயெடுத்தேன். பக்கத்தில் கூடையோடு நின்ற, என் வயதே இருக்கும் மீன்காரப் பெண் தடுத்தாள்.

"இன்னாத்துக்கு நைனா அவசரப்படுறே? தோ, தூரத்துல மூணு படகு பாரமா வந்துகினு கீது பாரு. அல்லாம் மீனு."

எனக்குக் கடல் மட்டுமே தெரிந்தது. அரை மணியில் கரையெல்லாம் மீன் குவிந்து, விலை பாதியாக இறங்கியது. தேவையையும் வரத்தையும் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அவளோ அதைக் கடலில் பார்த்தாள்.

விண்ணப்பத்தை அடுத்த வருஷத்துக்கு ஒத்திவைத்தேன். இப்போது தினமும் ஏலத்துக்கு நானே போகிறேன். கடலைப் பார்க்காமல் விலை கேட்பதில்லை.