நாலு மணி அட்டெண்டன்ஸ்

லீவு விடப்போகிற வாரத்தில் பையன்களை எப்படிப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைப்பது என்று இளம் வாத்தியார்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹைஸ்கூலில் கணக்கும் சயன்ஸும் சொல்லிக்கொடுத்து இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவனாயிற்றே, ஏதாவது சூட்சுமம் வைத்திருப்பான் என்று நம்பிக்கை. சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஒரு கேவலமான கதை இருக்கிறது, அதில் கேவலப்பட்டவர்களில் நானும் ஒருவன். சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கே காய்ச்சல்

முப்பதுகளின் நடுவில் நடந்தது. ராஜபாளையத்துப் பையன்கள் பலர் காலையில் ரயிலில் வந்து சாயங்காலம் ரயிலில் திரும்புவார்கள். உள்ளூர்ப் பையன்கள் ரத வீதிகளிலிருந்து நடந்து வருவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஏழு மைல் தள்ளி இருப்பவன் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்திருப்பான். பள்ளிக்கூடத்து மணிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கிற தூரத்தில் இருப்பவன் வரமாட்டான்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்திய வாரம் என்றால் கேட்கவே வேண்டாம். அரைப் பரீட்சை முடிந்திருக்கும். திங்கட்கிழமை பாதி வகுப்பு, புதன்கிழமை கால் வகுப்பு. மேஜை மேல் லீவு லெட்டர்கள் மட்டும் குவியும். எல்லாருக்கும் காய்ச்சல். ஒரே வாரத்தில் அத்தனை பேருக்குக் காய்ச்சல் என்றால் சுகாதார இன்ஸ்பெக்டர் வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அவர் வரவில்லை. அவர் மகனும் எங்கள் நாலாம் பாரத்தில்தான் படித்தான், அவனுக்கும் காய்ச்சல்.

வந்த பையன்களுக்காவது பாடம் நடந்ததா என்றால் அதுவும் இல்லை. விடைத்தாள் திருத்துகிறோம் என்று பேர் பண்ணிக்கொண்டு நாங்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். வகுப்பில் மானிட்டர், பேசுகிறவன் பெயரைப் போர்டில் எழுதிக்கொண்டிருப்பான். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு உட்காருவதற்காக ஒருவன் ரயில் ஏறி வருகிறானே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

சர்க்குலர்

எங்கள் ஹெட்மாஸ்டர் பெயரைச் சொல்ல வேண்டாம். பேரன்கள் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். எந்தப் பிரச்சினையைப் பார்த்தாலும் உடனே ஒரு சர்க்குலர் எழுதுவார். எழுதி முடித்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார். அந்த வருடம் டிசம்பரில் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்:

"காலையில பேர் கூப்புடுறதாலதான ஓய், பேரக் குடுத்துட்டு மத்தியானம் ஓடிப்போறான்? இந்தக் கடைசி வாரம் பூரா காலையில கூப்புடாதீரும். நாலு மணிக்கு, கடைசி மணி அடிச்ச பொறவு கூப்புடும். எங்க போறான்னு பாப்போம்!"

அதோடு விட்டாரா? லீவுக்கு முந்திய கடைசி நாள் ஆப்சென்ட் ஆனவனுக்கு லீவு நாட்கள் அத்தனையும் ஆப்சென்ட் என்று இன்னொரு விதி. பூட்டியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று பையனைத் தண்டிக்க ஒரு தனி மூளை வேண்டும்.

"நாலு மணிக்குக் கூப்பிட்டா ராஜபாளையத்துப் பையன்களுக்கு ரயில் போயிருமே சார்" என்றேன் நான்.

"அவன் ரயிலுக்காக நான் ஸ்கூல் நடத்தல ஓய்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் இரண்டாவது தடவை வாயைத் திறக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒரே நாளில் உள்ளூர்ப் பையன்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். காலை பத்து மணியிலிருந்து பள்ளிக்கூடம் ஈயாடும். மூன்றே முக்காலுக்குத் திருவிழாக் கூட்டம்போல் வருவார்கள், வீட்டில் சாப்பிட்டு, தூங்கி, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு. பேர் கூப்பிட்டதும் "பிரசென்ட் சார்" என்று கணீரென்று குரல் கொடுத்துவிட்டுப் போவார்கள். காலை முதல் உட்கார்ந்திருந்த ராஜபாளையத்துப் பையன்கள் மணி அடித்ததும் ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள். அவர்கள் ஆப்சென்ட்.

ராஜபாளையத்தில் தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் உண்டு; அப்படி ஒரு ராஜு வீட்டுப் பையன் செவ்வாய்க்கிழமை என்னை வராந்தாவில் மறித்துக்கொண்டான். "ஏமண்டி சார், காலையிலருந்து பெஞ்சத் தேய்ச்ச நாங்க ஆப்சென்ட்டு. இவன் இப்பத்தான் தூங்கி எந்திரிச்சு வாரான், இவன் பிரசென்ட்டா?"

"ரூல்டா" என்றேன். அதைவிடக் கேவலமான பதில் ஒரு வாத்தியார் வாயிலிருந்து வர முடியாது. ஆனால் வசதியான பதில்.

வேலுச்சாமி

ரயில்காரப் பையன்களில் ஒருவன் மட்டும் ஓடவில்லை. அவன் பெயர் வேலுச்சாமி, ஆறாம் பாரம். அப்போது ஆறாம் பாரம்தான் எஸ்.எஸ்.எல்.சி. நான்தான் அந்த வகுப்புக்கு வாத்தியார். அவன் தளவாய்புரத்துக்காரன்; ராஜபாளையத்தில் அத்தை வீட்டில் தங்கி வந்துகொண்டிருந்தான். தகப்பனார் பஞ்சு வண்டி அடிப்பவர். ஆகஸ்டில் டைபாய்டு வந்து ஒரு மாதத்துக்கு மேல் படுத்துவிட்டான். வருகை நாள் குறைந்தால் பப்ளிக் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். அவனுக்கு மிச்சமிருந்தது மூன்றே நாள். மூன்று நாளுக்கு மேல் ஆப்சென்ட் விழுந்தால் ஒரு வருடம் போய்விடும். இன்னொரு வருடம் படிக்கவைக்க அந்த வண்டிக்காரரால் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அதனால் அவன் நாலு மணிக்கு இருந்து பேர் கொடுத்தான். ரயில் போனது. நடந்தே ராஜபாளையம் போனான். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், நாலு நாளும் ஏழு ஏழு மைல். டைபாய்டில் கிடந்து எழுந்த உடம்பு.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அன்று மத்தியான ரயிலில் நான் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

ஆமாம். நாலு மணிக்குப் பேர் கூப்பிட வேண்டியவன் பன்னிரண்டு மணிக்கே போய்விட்டேன். என் ரிஜிஸ்டரை டிரில் மாஸ்டர் மேஜையில் வைத்து, "ஆறாம் பாரத்தையும் சேர்த்துக் கூப்பிட்டுவிடவும்" என்று ஒரு சீட்டும் வைத்தேன். டிரில் மாஸ்டர் அதற்கு முன்பே தன் ரிஜிஸ்டரை என் மேஜையில் வைத்து, அதேமாதிரி ஒரு சீட்டும் வைத்துவிட்டு, காலை பஸ்ஸிலேயே மதுரைக்குப் போய்விட்டார் என்பது எனக்குத் தெரியாது. ஹெட்மாஸ்டர் மூன்று மணிக்கு ஜட்கா வண்டியில் ஏறினார். கடைசி நாள் ஒருவனும் ஓடக்கூடாது என்று சர்க்குலர் போட்ட மகான்கள் நாங்கள்.

நான் போட்ட 'ஏ'

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"என்ன ஓய், ஆறாம் பாரத்துல வெள்ளிக்கிழமை காலியாக் கெடக்கு?"

"ஒருத்தனும் இல்ல சார்" என்றேன்.

யோசிக்கவேயில்லை. நான் ஊருக்குப் போனேன் என்று சொல்வதைவிட முப்பது பையன்கள் ஓடிப்போனார்கள் என்று சொல்வது சுலபமாக இருந்தது.

"அப்ப எல்லாத்துக்கும் 'ஏ' போடும்."

அவர் முன்னாலேயே பேனாவை எடுத்து மேலிருந்து கீழே வரிசையாக ஆப்சென்ட்டுக்கான 'ஏ' போட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் கையெழுத்து அழகு என்று ஸ்கூல் இன்ஸ்பெக்டர் பாராட்டியதுண்டு. விதிப்படி அந்த ஒரு 'ஏ' லீவு நாட்கள் அத்தனைக்கும் சேர்த்து விழுந்தது. மற்றவர்களுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, நாள் மிச்சம் இருந்தது. பரீட்சைக்குப் போகிறவர்கள் பட்டியல் நோட்டீஸ் போர்டில் வந்தபோது வேலுச்சாமி பெயர் மட்டும் இல்லை.

தகப்பனார் வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றார்.

"அய்யா, காய்ச்சல்ல கெடந்தது தவிர பய ஒருநா மொடங்கல. எம்புட்டோ சொன்னேன், ஒடம்பு தேறட்டும்லே, செத்த நாள் கழிச்சுப் போலேன்னு. கேக்காம வந்தான். என்னத்துக்கய்யா பேர அடிச்சுட்டாக?"

"லீவுக்கு முந்துன நாள் வரல பெரியவரே. ரூல் அப்படி."

அவர் என்னை நம்பினார். மகனைத்தான் சந்தேகப்பட்டார். "அப்பம் எங்கிட்டப் பொய்யில்லா சொல்லிருக்கான், களவாணிப் பய" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிப் போனார். அன்றைக்கு நான் மத்தியானச் சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் கதவுகளைப் பூட்ட வந்த பியூன் மாடசாமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"சார்வாள், அந்தத் தளவாய்புரத்துப் பய அன்னிக்கி ஒத்தையில உக்காந்திருந்தான். மத்தவனெல்லாம் சார் இல்லைன்னு தெரிஞ்சதும் பறந்துட்டான். இவன் மட்டும் எந்திரிக்கல. நான் பூட்டணும்லே, போலேன்னேன். 'சார் வருவாரு, பேர் கூப்புடணும்'னான். இருட்டுற வரைக்கும் இருந்துட்டு நடந்து போனான்."

மறுநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, நீ அன்னிக்கி இருந்தேன்னு ஹெட்மாஸ்டர்ட்டச் சொல்ல வேண்டியதுதான? நான் இல்லைங்கறத ஒங்க அப்பாட்டயாவது சொல்லக் கூடாது?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் இருந்தேன்னு சொன்னா, நீங்க இல்லைன்னு ஆயிரும்லா சார். நீங்களே 'ஏ' போட்டிருக்கிய. பொறவு நான் என்னத்தச் சொல்ல?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மரியாதையாகச் சொன்னான்.

நேராக ஹெட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன்.

"சார், நான் அன்னிக்கு மத்தியான ரயில்லயே ஊருக்குப் போயிட்டேன். ஒருத்தனும் இல்லைன்னு சொன்னது பொய். வேலுச்சாமி இருந்திருக்கான். பியூன் சாட்சி."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "இத எழுத்து மூலமாக் குடுப்பீரா ஓய்?"

"குடுக்கிறேன் சார். நாலு மணிக்கு ஸ்கூல்ல யார் யார் இருந்தாங்கன்னு பியூன்கிட்டக் கேட்டு அதையும் சேர்த்தே எழுதிருதேன்."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"பியூன் எதுக்கு ஓய் இதுல. உம்ம பத்தி மட்டும் எழுதும், போதும்."

எழுதிக் கொடுத்தேன். நாலு மணி சர்க்குலர் 'நிர்வாக சௌகரியத்தை முன்னிட்டு' ரத்தானது. பட்டியலின் அடியில் வேலுச்சாமியின் பெயர் ஏறியது. தளவாய்புரத்துக்கு நானே போய் அந்தத் தகப்பனாரிடம், பொய் சொன்னது உங்கள் மகன் இல்லை, நான்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் எனக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். திட்டியிருக்கலாம். என் கடிதம் ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகும்வரை அவர் டிராயரில் பத்திரமாக இருந்தது. எனக்கு வரவேண்டிய, ஹெட்மாஸ்டருக்கு அடுத்த ஃபர்ஸ்ட் அசிஸ்டெண்ட் பதவி வேறொருவருக்குப் போனது. அதில் எனக்கு வழக்கு ஒன்றும் இல்லை.

கண்ணாடி அலமாரி

எங்கள் ஸ்கூலில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. ஏர் பம்ப், எலெக்ட்ரிக் பெல், கைப்பிடியைச் சுற்றினால் மின்பொறி பறக்கும் மெஷின் எல்லாம் அதற்குள் வரிசையாக நிற்கும். இன்ஸ்பெக்ஷன் அன்று துடைத்துக் காட்டுவோம். மற்ற நாள் பூட்டு. உடைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். ஆறு வருடம் சயன்ஸ் படித்துவிட்டு அந்த மெஷினைக் கண்ணாடி வழியாக மட்டும் பார்த்துவிட்டுப் போன பையன்கள் எத்தனையோ பேர். இதற்குப் பெயர் ஹைஸ்கூல்.

மார்ச்சில் ஆறாம் பாரத்துக்குப் பரீட்சை லீவு விடுகிற வாரம் வந்தது. வழக்கம்போல் பையன்கள் கரைய ஆரம்பித்தார்கள். நான் ஹெட்மாஸ்டரிடம் சாவி கேட்டேன். மெஷின் மேல் அவருக்கு இருந்த பாசம் பெற்ற பிள்ளை மேல்கூட இருந்திருக்காது. ஆனால் அந்த ஜனவரிக்குப் பிறகு என்னிடம் அதிகம் பேச அவருக்கு விருப்பமில்லை. "ஒடைஞ்சா உம்ம பொறுப்பு" என்று சாவியை மேஜை மேல் போட்டார்.

கடைசி நாள் அலமாரி திறக்கும் என்று போர்டில் ஒரே வரி எழுதினேன். வரச்சொல்லி ஒருவனையும் கெஞ்சவில்லை, மிரட்டவில்லை.

ஆறாம் பாரம் முழுவதும் வந்தது. காய்ச்சல்காரர்கள்கூட வந்தார்கள். பெஞ்சு போதாமல் நின்றார்கள். ஜன்னலில் ஐந்தாம் பாரம் தொங்கியது. கண்ணாடி ஜாடிக்குள் பெல்லை வைத்துக் காற்றை இழுக்க இழுக்க, பெல் அடிப்பது தெரிகிறது, சத்தம் மட்டும் மங்கிக்கொண்டே போகிறது. அதை எட்டுத் தடவை செய்யச் சொன்னார்கள். பிறகு வேலுச்சாமியைக் கூப்பிட்டு மெஷின் கைப்பிடியைக் கொடுத்தேன். சுற்றினான். இரண்டு குமிழ்களுக்கு நடுவில் நீலமாகப் பொறி பாய்ந்து சொடுக்கியது. ராஜு வீட்டுப் பையன் "அம்ம பாபோய்!" என்று பின்னால் நின்றவன் காலை மிதித்தான். ஏன் பாய்கிறது, தூரம் கூடினால் ஏன் பாயவில்லை, மழைக்காலத்திலும் வருமா என்று கேள்விமேல் கேள்வி. இரண்டுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

மணி அடித்தது ஒருவர் காதிலும் விழவில்லை. ஐந்து மணிக்கு மாடசாமி வந்து, "சார்வாள், ரயில் போயி எம்புட்டோ நேரமாச்சு" என்றார். ராஜபாளையத்துப் பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு பத்துப் பன்னிரண்டு பேரும் கூட்டமாகக் கத்திக்கொண்டே ரோட்டில் நடந்து போனார்கள். அதே ஏழு மைல். வேலுச்சாமி நடுவில் போனான்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் ரிஜிஸ்டரை என் முன்னால் விரித்து வைத்தார். நேற்றைய தேதிக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை, மேலிருந்து கீழ்வரை வெள்ளையாகக் கிடந்தது.

"என்ன ஓய், மறுபடியும் காலியா? ஒருத்தனும் வரலையா?"

"எல்லாரும் வந்தாங்க சார்" என்றேன். "பேர் கூப்பிடத்தான் மறந்துபோச்சு."