நைனாவின் இன்னொரு தோள்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் நைனா தோணியைத் தொடமாட்டார். குப்பத்திலிருந்து உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கட்டிய கோட்டைக்குப் பக்கத்திலிருந்த கிறிஸ்தவக் கோயிலுக்கு, உப்பு ஏரியில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து நடந்தே போவோம். நைனா, நான், தங்கச்சி. எனக்கு ஒன்பது வயது, அவளுக்கு ஐந்து. பத்து அடி வைப்பதற்குள் அவள் இரண்டு கைகளையும் தூக்கிவிடுவாள். நைனா தோளில் ஏற்றிக்கொள்வார். இப்படிப் பதினேழு ஞாயிறு போனாள். தங்கச்சி இன்றைக்கும் பத்தொன்பது என்பாள், தப்பு. நான் ஒரு ஞாயிறும் தோளில் போனதில்லை.

அவளுக்கு ஒரு ஜெபம்கூட முழுதாக வராது. நானோ ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளையும் பிசகாமல் ஒப்பித்து உபதேசியாரிடம் பேர் வாங்கியவன். தோளில் உட்கார எனக்கல்லவா உரிமை? ஆனால் கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே தரட்டும் என்றிருந்தேன்.

பதினெட்டாம் ஞாயிறு, “நான் முன்னால போறேன். எனக்கு வழி தெரியும்” என்று விறுவிறுவென நடந்தேன். தெரியும்தான். வலை கட்ட ஏரியில் நட்டிருந்த எங்கள் கம்பிலிருந்து நேரே நூற்றுநாற்பது அடி வைத்து, வலப்பக்கம் திரும்பினால் பள்ளத்தில் விழாமல் போய்விடலாம். கம்பில் கட்டிய சிவப்புத் துணியைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கினேன்.

ஏரியில் வலைபோடும் இடம் யாருக்கும் சொந்தமில்லை, முறைவைத்து மாறும். அந்த வாரம் எங்கள் முறை மாறி, நைனா கம்பைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டிருந்தார். எனக்கு அது நினைவில்லை. நூற்றுப்பதினாறாவது அடியில் கால் சேற்றில் இறங்கியது. தண்ணீர் மோவாயைத் தொட்டது.

“கையத் தூக்குடா!” நைனா பின்னாலிருந்து ஓடிவந்தார்.

தங்கச்சி மாதிரி நானும் கையைத் தூக்குவதா? தூக்கவில்லை.

“அண்ணன் வாத்து மாதிரியே கீது நைனா!” அவள் நைனாவின் தோள்மேலிருந்து சிரித்தாள்.

“இன்னாடா வீம்பு? தூக்குடா!”

உப்புத் தண்ணீர் வாய்க்குள் போன பிறகுதான் தூக்கினேன். நைனா எட்டி இழுத்து இன்னொரு தோளில் உட்காரவைத்தார். திட்டவில்லை.

அழுது முடித்ததும் குனிந்து பார்த்தேன். அவள் காலை எப்படிப் பிடித்திருந்தாரோ அப்படியே என் காலையும் பிடித்திருந்தார். அவளுக்கு ஐந்து விரல், எனக்கும் ஐந்து. பத்துக் கற்பனை தெரிந்தவனுக்கென்று துளி இறுக்கம் கூட இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

அன்று கோயிலில் எல்லாரும் கண்மூடி நிற்க, இந்த அநியாயத்தைப் பற்றியே நான் ஆண்டவரிடம் முறையிட்டேன். மூச்சு விட்டுக்கொண்டு அங்கே நிற்பதற்காக நன்றி சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.