கேதீஸ்வரியின் இடது கை

கேதீஸ்வரியிடம் வாயைக் கொடுத்து வென்றவர்கள் குருக்கள்மடத்தில் யாரும் இல்லை. நாற்பத்தொரு வயது. காலையில் பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போய், மீராசாஹிபின் ஸ்டூடியோவில் பன்னிரண்டு வருடமாகக் கல்யாண அல்பம் செய்கிறாள். மணமகளின் கன்னத்துப் பருவை அழிப்பாள், மாப்பிள்ளைக்குப் பின்னால் வாயில் வடையோடு நிற்கும் மாமாவைப் படத்திலிருந்தே தூக்குவாள், மழை இருட்டை நீல வானமாக்குவாள். உனக்கு ஒரு கல்யாணம் ஆகவில்லையே என்று யாராவது இழுத்தால், "ஊரில உள்ள கல்யாணமெல்லாம் என்ட கையாலதான் வடிவாகுது. இன்னும் என்ன வேணும்?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள். கேட்டவர் அதன் பிறகு வானிலையைப் பற்றித்தான் பேசுவார்.

இப்படிப்பட்டவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவி, தேத்தண்ணி குடித்ததும் 'ஏழுகடல்' என்ற இணைய விளையாட்டுக்குள் புகுந்துவிடுவாள் என்பது அவளுடைய அம்மா புஸ்பத்துக்கும் இன்னும் ஐந்து பேருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த ஐந்து பேரும் அவளும் சேர்ந்தால் ஒரு படை. படைத்தலைவன் அம்ஜத், ஓட்டமாவடிக்காரன், வேலை கட்டாரில். கேடயம் பிடித்து முன்னுக்கு நிற்பவன் நிலோஜன். வாழைச்சேனைத் துறைமுகத்தில் போட் எஞ்சின் திருத்துகிறான், நாளுக்கு நாலு சொல் பேசினால் அதிகம். வில் எய்பவள் காத்தான்குடி நஸ்ஹா, பாலர் பாடசாலை டீச்சர். மற்ற இருவரும் மண்டூரில் அண்ணன் தம்பி. கேதீஸ்வரி படையின் வைத்தியச்சி. காயம் பட்டவனை எழுப்புவதும், அடி விழ முன் எல்லாருக்கும் காப்பு மந்திரம் போடுவதும் அவள் பொறுப்பு.

ஸ்டூடியோவுக்கு அவள் ஒருநாள் போகாவிட்டால் அல்பம் ஒருநாள் பிந்தும், அவ்வளவுதான். இங்கே அவள் இல்லாவிட்டால் ஐந்து பேர் செத்துக் கிடப்பார்கள். "அக்கா, அக்கா" என்று ஐந்து குரல் காதுக்கருவியில் தன்னைத் தேடுவதைக் கேட்க அவளுக்கு அவ்வளவு ஆசை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாதம் ஏழுகடலில் ஒரு இரும்பு முதலை வந்திருந்தது. மாத முடிவுக்குள் அதைக் கொன்ற படைக்குத்தான் அடுத்த கடலுக்குள் வழி திறக்கும். இவர்களும் வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் நாலு மணிக்கு மோதிப் பார்த்தார்கள். முதலை பாதி உயிர் போனதும் தண்ணீருக்குள் தாழும். பிறகு எந்த நொடியில் என்று சொல்லாமல் வாலைச் சுழற்றி ஒரே அடி. ஆறு பேரும் சாய்ந்துவிடுவார்கள். அந்த அடிக்குச் சரியாக முன்னால் காப்பு விழ வேண்டும். காப்பின் ஆயுளே இரண்டு நொடிதான். வால் தெரிந்த பிறகு போட்டால் பிந்திவிடும், ஊகித்துப் போட்டால் முந்திவிடும். மூன்று வெள்ளி இப்படியே போனது.

போதாக்குறைக்கு அவளுடைய விண்டோஸ் மடிக்கணினி அந்தக் கிழமைதான் கண்ணை மூடியது. புது இயந்திரம் வாங்கியிருந்த மீராசாஹிப், "இத நீங்களே வச்சுக்கங்க தங்கச்சி, உங்கட கைக்குப் பழகினதுதானே" என்று ஸ்டூடியோவின் பழைய மேக்புக்கைத் தந்துவிட்டார். ஏழுகடலோ விண்டோஸுக்கு மட்டும் செய்த விளையாட்டு.

"மேக்ல இது ஓடா அக்கா," என்றான் அம்ஜத். "ஆருட்டயாவது ஒரு விண்டோஸ் லெப்டொப் பாருங்க."

"ஓடாதெண்டு உன்னட்ட ஆர் சொன்ன? மேக் வந்து சொன்னதா?"

ஒற்றைக்காலில் நின்றாள். விண்டோஸ் விளையாட்டை மேக்கில் ஓடவைக்கும் மென்பொருள் ஒன்றைத் தேடி எடுத்தாள். முதல் தடவை எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாம் தடவை சத்தம் மட்டும் கேட்டது, படம் இருட்டு. மூன்றாம் தடவை கடல் அப்படியே விரிந்தது, விண்டோஸில் கண்டதைவிடத் துலக்கமாக. மடியில் வைக்க முடியாதபடி இயந்திரம் சுட்டது. குசினிக்குப் போய் இடியப்பத் தட்டு இரண்டைக் கொண்டு வந்து கவிழ்த்து, அதன் மேல் வைத்தாள். கீழால் காற்றுப் போனது.

"என்ட இடியப்பத் தட்டு எங்க புள்ள?" என்று அம்மா தேடிக்கொண்டு வந்தார்.

"முதலை சாகுமட்டும் பிட்டு அவியுங்கம்மா."

நாலாம் வெள்ளி. எல்லாம் பழையபடி சரியாகவே போனது. முதலை தாழ்ந்தது. வால் வர முன்னமே கேதீஸ்வரியின் திரை வெள்ளையாக மின்னி, அவள் தன்னந்தனியாக ஏழுகடலின் ஊர்க் கிணற்றடியில் நின்றாள். ஆபத்தில் தப்பி ஊர் திரும்பும் மந்திரம் யாரோ ஏவிவிட்டது போல.

"அக்கா எங்க?" என்று நஸ்ஹா கத்தியது காதில் கேட்டது. "அல்லாஹ்வே, அக்காவக் காணல்ல!"

ஐந்து பேரும் விழுந்தார்கள். திரும்பவும் போனார்கள். திரும்பவும் முதலை தாழ்ந்தது, திரும்பவும் அவள் கிணற்றடியில்.

அம்ஜத்தான் பேச்சைத் தொடங்கினான். "அக்கா, கோவிக்காதீங்க. மேக்ல இது சரிவராது. சென்னைப் பக்கம் வைத்தியம் பாக்கிற நல்ல ஹீலர் ஒரு தம்பி இரிக்கார். அடுத்த வெள்ளிதான் கடைசி. அவரக் கூப்பிடப் போறன்."

தோற்றதல்ல அவளுக்கு விசயம். ஓடிப்போனவள் என்று நினைக்கிறார்களே! பன்னிரண்டு வருடமாக மற்றவர்களைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தவள், தன்னை ஒருவன் வெட்டி எடுக்கும்போது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அறிந்தாள்.

"அந்தத் தம்பி வரட்டும், வந்து பாத்துக்கொண்டு நிக்கட்டும்," என்றாள். "முதல் தடவை நான்தான் இறங்குவன். அதிலயும் பிழை விட்டா நானே போறன்."

"ஓம் அக்கா," என்றான் அம்ஜத். வேறென்ன சொல்வான்?

செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோவில் ஒரு அல்பத்தின் இருபதாம் பக்கத்தில் இருந்தாள். திடீரென்று கரண்ட் போனது. குளிரூட்டியின் இரைச்சல் நின்று அறை மௌனமானது. பின்னுக்கிருந்த பற்றரிப் பெட்டி கணினியைத் தாங்கிப் பிடித்துக் கீச்சிட்டது. கேதீஸ்வரி யதேச்சையாகக் குனிந்து தன் இடது கையைப் பார்த்தாள். அது அவளைக் கேட்காமலே சேமித்து முடித்திருந்தது. பெருவிரல் மேக்கின் கமாண்ட் விசையில், நடுவிரல் எஸ் விசையில்.

நாடு நொடித்து, மணிக்கணக்காகக் கரண்ட் போன அந்தக் கஷ்ட காலத்தில், ஒரு முழு அல்பம் கண்ணெதிரே அழிந்து போய், அவள் அழுதிருக்கிறாள். அன்றைக்குப் பிடித்த பழக்கம். மின்விசிறி நின்றாலும் சரி, குளிரூட்டி நின்றாலும் சரி, சத்தம் அடங்கினால் கை பாய்ந்து சேமித்துவிடும்.

சத்தம் அடங்கினால்!

முதலை தாழ்ந்து, வால் வர ஒரு கணம் இருக்கும்போது விளையாட்டின் பாட்டு நின்றுவிடும். வால் அடிக்கும் வரை ஒரு சொட்டுச் சத்தம் இராது. அந்த மௌனத்தில்தான் அவளுடைய கை பாய்ந்திருக்கிறது. விண்டோஸில் அந்தப் பெருவிரல் விழுந்த இடத்தில் வேறு விசை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை. மேக்கிலோ அதே இரண்டு விசையும் சேர்ந்தால் ஊர் திரும்பும் மந்திரம்.

"அடி பாவி," என்று தன் கையைப் பார்த்துச் சொன்னாள். முழு மாதமும் இந்தக் கை சரியான நேரத்தில்தான் அழுத்தியிருக்கிறது! ஆறு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு தேடிய அந்த நொடியை அது கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மீராசாஹிப் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, மாப்பிள்ளைட மூஞ்சி அவ்வளவு மோசமா?" என்று கேட்டார்.

வேறொருத்தியாக இருந்தால் பழக்கத்தை மாற்றப் பார்த்திருப்பாள். கேதீஸ்வரியா மாறுவாள்? அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் விளையாட்டின் விசைகளைத்தான் மாற்றினாள். ஊர் திரும்பும் மந்திரத்தை எட்டாத மூலைக்குத் துரத்திவிட்டு, கமாண்டும் எஸ்ஸும் இருந்த இடத்தில் காப்பு மந்திரத்தைக் குடியமர்த்தினாள்.

கடைசி வெள்ளி, நாலு மணி. சென்னைத் தம்பி அழைப்பில் சேர்ந்து, "வணக்கம்ங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு ஓரமாக இருந்தான். படை இறங்கியது. நிலோஜன் கேடயத்தோடு முன்னால், நஸ்ஹாவின் அம்புகள் தலைக்கு மேலால், இவளுடைய மருந்து ஒவ்வொருவருக்கும் பின்னால். முதலையின் உயிர் பாதிக்கு இறங்கியது.

"தாழப் போகுது, தாழப் போகுது," என்றான் அம்ஜத்.

கேதீஸ்வரி ஒன்றும் நினைக்கவில்லை. வாலைத் தேடவில்லை, நொடி எண்ணவில்லை. கையைக் கையின் பாட்டுக்கு விட்டுவிட்டாள். பாட்டு நின்றது. கை பாய்ந்தது. ஆறு பேரைச் சுற்றியும் நீல ஒளி எழுந்தது, அதே மூச்சில் வால் வந்து மோதி, கண்ணாடியில் பட்ட பந்தாகத் திரும்பிப் போனது.

ஒருவரும் விழவில்லை.

"நிக்கிறம்! எல்லாரும் நிக்கிறம்!" நஸ்ஹா வீரிட்டாள். முதலை இன்னும் மூன்று தடவை தாழ்ந்தது. மூன்று தடவையும் கை தவறவில்லை. ஐந்து மணிக்கு முன்னம் இரும்பு முதலை வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது, அடுத்த கடலின் கதவு திறந்தது.

"எப்பிடி அக்கா?" அம்ஜத்துக்கு மூச்சு வாங்கியது. "அந்த நொடி எப்பிடித் தெரிஞ்ச?"

"எனக்குத் தெரியா. என்ட கைக்குத் தெரியும்."

அப்போது சென்னைத் தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "அண்ணா, அப்ப அடுத்த வாரம் நான் வரணுமா?"

அம்ஜத் வாயைத் திறக்க முன்னம் நிலோஜன் பேசினான். நாளுக்கு நாலு சொல் பேசுகிற நிலோஜன்.

"வேணாம் தம்பி. எங்கட ஆள் இரிக்கா."

கேதீஸ்வரி சட்டென்று மைக்கை நிறுத்தினாள். கண் நிறைந்து திரை முழுக்கக் கலங்கித் தெரிந்தது. எத்தனை பேரை எத்தனை குடும்பத்தோடு சேர்த்து நிறுத்திப் படம் அழகாக்கியிருப்பாள்! அவளை இழுத்து நடுவில் நிறுத்திய முதல் ஆள் முகமே பாராத ஒரு போட் மெக்கானிக். கதவடியில் நின்ற அம்மா பதறிப்போனார்.

"என்ன புள்ள, அழுற? தோத்திட்டியா?"

"இல்லம்மா. வெண்டிட்டன்."

மூக்கை உறிஞ்சி, குரலைச் சரிசெய்துகொண்டு மைக்கைத் திறந்தாள்.

"அடுத்த வெள்ளி, நாலு மணி. பிந்தி வாற ஆளுக்கு மருந்து தரமாட்டன், சொல்லிப்போட்டன்," என்றாள்.