கோபுரம் தெரியும் அறை

என் மாமியாருக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் எடமலைப்பட்டி புதூர் வீட்டில் அவர் தனிதான். "பேச்சுத் துணைக்கு நாலு பேர் இருக்கிற இடத்துல சேர்த்து விடுங்க" என்று அவரே கேட்டதால், ஸ்ரீரங்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்க்க மூவரும் போனோம்.

மூன்றாவது மாடியில் அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே ராஜகோபுரம்! அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குமேல் வேறு எதையும் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை. சரி என்று சொல்லிவிட்டுக் கிளம்பும்போது கரண்ட் போய், லிஃப்ட் நின்றுவிட்டது. படிக்கட்டுக்குப் போனால், கதவில் பூட்டு தொங்குகிறது.

"பெரியவங்க சொல்லாம இறங்கிப் போயிடுறாங்க மேடம், அதான் பூட்டி வெச்சிருக்கோம். சாவி மேனேஜர்கிட்ட இருக்கு, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போயிருக்காரு" என்றார் நர்ஸ்.

"தீப்பிடிச்சா என்னங்க பண்ணுவீங்க?"

"இதுவரைக்கும் அப்படி எதுவும் ஆகலீங்க."

கரண்ட் வரும்வரை அங்கிருந்த முதியவர்களோடு நாங்களும் அடைபட்டுக் கிடந்தோம். கோபுரம் அப்போதும் அழகாகத்தான் தெரிந்தது. நான்தான் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் படிக்கட்டுக் கதவைத்தான் திறந்து பார்த்தேன். விசாரிக்கும் தோழிகளுக்கும் அதையே சொல்கிறேன்.

இப்போது கே.கே. நகரில் ஓர் இல்லத்தில், தரைத்தளத்து அறையில், அரட்டைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறார் அத்தை. "கோபுரம் தெரியலையேன்னு வருத்தமா அத்தை?" என்று கேட்டேன்.

"அந்த ரங்கநாதரே கீழதான் படுத்திருக்காரு. எனக்கெதுக்கும்மா மாடி?" என்றார்.