சுந்தரி அத்தை வேண்டாம் என்ற புத்தகங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். சுந்தரி அத்தையைப் பற்றி இனிமையாக மட்டும் எழுதினால் அவரே நம்ப மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்பாசமுத்திரம் நூலக அண்ணாச்சி அப்பாவுக்குப் போன் செய்தார். அத்தை தூக்கத்திலேயே இறந்துவிட்டார் என்றார். அழுகைக்கு முன் எனக்கு வந்த எண்ணம், போன மாதம் எடுத்துப்போன தன்வரலாற்றை அவர் முடித்திருப்பாரா என்பதுதான்.

நம் வாசகர் வட்டத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புதிதாக வந்த நாவலிலோ தன்வரலாற்றிலோ அண்ணாச்சி ஒரு பக்கம் வாசிப்பார். எல்லோரும் சரி என்றால் அது வட்டத்துப் புத்தகம். நாம் சேர்ந்த வரிசையில் கை மாறிக் கடைசியாக என்னிடம் வரும். பிறகு ஒவ்வொருவரும் எழுந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். ஒருவர் வேண்டாம் என்றாலும் தள்ளிவைத்துவிடுவோம். தள்ளியதை யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

பெரும்பாலும் வேண்டாம் என்றவர் அத்தைதான். அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மணிமுத்தாறு மலையில் மழையோடு நடந்ததாக ஒருவர் எழுதியதைக் கேட்டுவிட்டு, "இம்புட்டு மழையில நடக்காரு, ஒரு அட்டைப்பூச்சிகூடக் கடிக்கலயாம். இவர எப்படி நம்புதது?" என்றார். ஒரு நாவலின் நாயகி முதல் பக்கத்திலேயே அழுதபோது, "இவளே எல்லாத்தையும் அழுதுட்டா நாம எதுக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், புத்தகம் போயிற்று.

போனது எங்கே என்று நான்தான் கவனித்தேன். தள்ளிய புத்தகம் ஒவ்வொரு முறையும் அத்தையின் பைக்குள் போனது. நம்பாததை ஏன் சுமக்க வேண்டும்? அடுத்த கூட்டத்தில் வாசிப்பைக் கேட்காமல் அவர் முகத்தையே பார்த்தேன். பிடிக்காத பக்கம் என்றால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சரி என்பார். பிடித்த பக்கம் என்றால் அசையாமல் இருந்துவிட்டு, பிறகு குறை சொல்வார்.

போன மாதம் புன்னக்காயல் பக்கம் வளர்ந்த ஒரு பெண்ணின் தன்வரலாறு வந்தது. எனக்கு அது வேண்டும் என்றிருந்தது. அத்தை அசையவே இல்லை. பிறகு, நாலு வயதில் பேசியதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும் என்று தள்ளிவிட்டார். பேருந்து நிலையம் வரை பின்னாலேயே போய், பிடித்ததைத்தான் வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டேன்.

அக்கம்பக்கம் பார்த்தார். "பைய பேசுட்டி. எந்திச்சுப் பேசணுமேன்னு படிச்சா அது பரீட்சைல்லா? புடிச்சத யாருக்கும் பதில் சொல்லாமப் படிக்கணும்."

"அப்ப நாங்க?"

"நீங்களும் வேண்டாம்னு சொல்லுங்க. நானா தடுத்தேன்?"

முடித்ததும் எனக்குத் தருவதாகச் சொல்லிப் பேருந்தில் ஏறினார். நான் நம்பவில்லை.

அஞ்சலிக் கூட்டத்தில், அத்தை எல்லாப் புத்தகங்களையும் நேசித்தார் என்று ஆளுக்காள் பேசினீர்கள். அவருடைய மகள் அந்தத் தன்வரலாற்றைத் திருப்பிக் கொடுத்தார். அத்தை நினைவாக அதை வட்டத்துப் புத்தகமாக்கலாமா என்று அண்ணாச்சி ஒரு பக்கம் வாசித்தார். எல்லோரும் சரி என்றீர்கள். அந்தப் பக்கம் அவ்வளவு நன்றாக இருந்தது. நான் அசையாமல் இருந்தேன்.

"வேண்டாம்," என்றேன்.

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி காரணம் கேட்டார். இதை எழுதியவர் வீட்டில் ஒருவரும் சண்டையே போடவில்லையே, எப்படி நம்புவது என்றேன்.

"ஏளா, நீ ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அண்ணாச்சி.

அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ‘வேண்டாம்’ என்ற அந்த ஒரு சொல். இதைப் படித்தபின் நான் அதைச் சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை. அவர் வளர்த்த வட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும். புத்தகத்தை என் பைக்குள் வைத்தேன். அண்ணாச்சி விளக்குகளை அணைத்தார்.