ஈரத்தில் எழுதிய 'டேக்'

சீனாவின் சாங்ஷா நகரச் சந்தையில் காலுறை விற்கும் ஃபூ யூச்சின் அக்காவுக்கு ஆங்கிலப் பைத்தியம். விடிந்ததும் பூங்காவுக்கு வந்துவிடுவாள். அங்கே நாங்கள் சிலர் நீளத் தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துக் கல்தரையில் கவிதை எழுதுவோம். அவளோ 'டேக்' (take) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை வைத்து நாற்பத்திரண்டு வரி எழுதுவாள். மருந்து சாப்பிட, பஸ் ஏற, படம் பிடிக்க, ஓய்வெடுக்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்தானாம். முதல் வரி காய்வதற்குள் கடைசி வரியை முடிக்க வேண்டும் என்பது அவளே வைத்துக்கொண்ட விதி. மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

எனக்கு எரிச்சல். "இந்த ஒத்த வார்த்தையை எதுக்குக்கா கட்டிக்கிட்டு அழுற?"

"நீ இருபது வருஷமா நிலாவைப் பத்தியே எழுதுறியே, அது இறங்கியா வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

போன மார்கழியில் ஒருநாள் நல்ல பனிமூட்டம். நாற்பத்திரண்டாவது வரியை அவள் முடித்தபோது முதல் வரி ஈரமாகவே இருந்தது.

"ஜெயிச்சிட்டக்கா!" என்று கத்தினேன்.

"ஜெயிச்சது பனிடா, நான் இல்ல" என்று சிரித்தபடி, முதல் வரியைச் செருப்புக் காலால் தேய்த்து அழித்தாள். "வெயில் வரட்டும், பாத்துக்கிறேன்."