கம்பாரைத் தாண்டி

என் தம்பி ஐயாவு இதுவரை வென்றவை இவை: நாற்பத்தெட்டாம் வயதில் குடிமக்களுக்கான நீல நிற அடையாள அட்டை, ஐசி. மறு ஆண்டு, மூன்றாம் முயற்சியில், கார் ஓட்டும் உரிமம். “ஐசி இல்லாதவனுக்குப் பொண்ணு கெடையாது” என்று கதவைச் சாத்திய மனிதரின் மகள் பிரமிளா. பழைய இரும்புக் கடையில் நசுக்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த ஒரு மோரிஸ் மைனர். இது நடந்த வரிசை அல்ல, அவன் சொல்லும் வரிசை. காருக்கு முன்னால் தன்னை வைத்தானே என்று பிரமிளா சமாதானம் ஆகிறாள்.

மாலையில் குளித்துவிட்டு, தலையில் ஈரம் காய்வதற்குள் அந்த மோரிஸில் போய் உட்கார்ந்துவிடுவான். சிலிபினில் எங்கள் வீட்டு முன்கூரையின் கீழ் அது நிற்கிறது. சாவி போடுவதில்லை. இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, கண்களை முக்கால்வாசி மூடிக்கொள்வான். காப்பிக் குவளையோடு பிரமிளா இடப்பக்கம் ஏறி அமர்ந்தால் பயணம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

“சிம்பாங் பூலாய் வந்திருச்சி,” என்பான். பிறகு நெடுநேரம் பேச்சிருக்காது. சுண்ணாம்பு மலைகள் சன்னலில் நகர்ந்து முடிய வேண்டும் அல்லவா? “கோப்பெங்.” மறுபடி மௌனம். “கம்பார்.” அதுவரை அவன் குரல் தெரிந்த வீட்டுக்குப் போகிறவனின் குரல். அதன் பிறகு வேகம் குறைந்துவிடும். தாப்பா, பீடோர், சுங்கை, சிலிம் ரிவர் என்று ஒவ்வொரு பெயரையும் இருட்டில் படி தேடுகிறவனைப் போலச் சொல்வான். கம்பாருக்குத் தெற்கே அவன் போனதே இல்லை. லாரிக்காரர்கள் சொல்லக் கேட்ட ஊர்கள் அவை.

“பீடோர்ல ரோட்டோரமா பெரிய ஆறு ஓடுது, பாரு.”

“அங்க ஏதுங்க ஆறு? கொய்யாக் கடைதான் ஓடுது,” என்பாள் பிரமிளா. அவள் அந்த வழியாகப் பலமுறை பஸ்ஸில் போனவள். ஆனாலும் ஆறு அடுத்த நாளும் ஓடும்.

அவன் போய்ச் சேர நினைக்கும் இடம் தஞ்சோங் மாலிம். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பெரிய திடலில் பழைய கார்களின் கண்காட்சி நடக்கும். திடலின் ஓரத்தில் கித்தான் விரித்து, விளக்கு, கண்ணாடி, கைப்பிடி, ஹாரன் என்று பழைய சாமான்களைப் பரப்பியிருப்பார்கள். விற்பார்கள், பிடித்தால் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வார்கள். இதெல்லாம் அவன் நண்பன் கால்வின் கைப்பேசியில் எடுத்து வந்த படங்களில் நாங்கள் பார்த்தது. கால்வின் கமுந்திங்கில் வேன் ஓட்டுகிறான். ஆண்டுதோறும் அங்கே தன் பெயரில் ஓர் இடம் எடுத்து, ஐயாவு தகரத்தைத் தட்டிச் செய்த விளக்கு வளையங்களையும் சேர்த்து வைத்து வருவான்.

ஐயாவு போகாததற்குக் காரணம், ஐசி கேட்டுச் சாலையில் நிற்கும் போலிஸ். நான் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்தவள், எனக்குப் பிறப்புப் பத்திரம் உண்டு. அவன் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில், மற்றப் பெயர்களோடு அவன் பெயரையும் தோட்டத்துக் கணக்கரான கிராணியார் எழுதிக்கொண்டார். பதிவு முடிந்துவிட்டது என்று அப்பா நினைத்துவிட்டார். தோட்டத்து ஆபீஸ்தான் அவருக்கு அரசாங்கம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றுதான் அதற்கு வெளியே வேறோர் அரசாங்கம் இருப்பது தெரிந்தது. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளி சேர்க்கவில்லை, பிறகு ஐசியும் கிடைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த கார்ப் பட்டறையின் சுவர்க் காலண்டரிலும் கோயில் நோட்டீசிலும் அவனாகவே எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டான். நெளிந்த கதவை நிமிர்த்தக் கற்றதும் அப்படித்தான். அவன் நிமிர்த்திய கதவில் கையால் தடவிப் பார்த்தாலும் அடிபட்ட இடம் தெரியாது. இதை அக்கா என்பதற்காகச் சொல்லவில்லை, தடவிப் பார்த்திருக்கிறேன்.

இப்போதும் போலிஸ் வண்டி கடந்தால் குனிந்து தன் செருப்பைத்தான் பார்க்கிறான். சட்டைப் பையில் ஐசி இருக்கிறது, இரட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள். பார்வை மட்டும் இன்னும் செருப்பில்தான்.

மோரிஸ் 57ஆம் ஆண்டு வண்டி என்பான். தகட்டைத் துடைத்துப் பார்த்தேன், 58. ஓடுகிறது, நன்றாகவே. ஒரே குறை: அந்தக் காலத்தில் திரும்பும் பக்கத்தைக் காட்ட, கதவுத் தூணுக்குள்ளிருந்து மஞ்சள் விளக்கோடு ஒரு சின்னக் கை வெளியே நீளும். வலக் கை உண்டு. இடக் கை இல்லை. சிலிபினுக்குள் சுற்றும்போது இடப்பக்கம் திரும்ப வேண்டியிருந்தால், “கை,” என்பான். பிரமிளா வளையல் குலுங்கத் தன் கையை வெளியே நீட்டுவாள். கால்வின் ஒவ்வோர் ஆண்டும் ஒரு கை வாங்கி வருவான். ஒன்று நீளம், ஒன்று கட்டை, ஒன்று மறுபடியும் வலக் கை.

“நானே கையில புடிச்சிப் பாத்து எடுக்கணும்கா,” என்பான் ஐயாவு. “அங்க ஒரு வயசான சீனத்து அங்கிள் குடை போட்டு உக்காந்திருப்பாரு. பிஸ்கட் டின்னுக்குள்ள இடக் கையைத் துணி சுத்தி வச்சிருப்பாரு. நான் ரெண்டு வளையம் குடுப்பேன். அவரு திருப்பித் திருப்பிப் பாப்பாரு.”

“நேத்து நீங்க போனப்ப இருமிக்கிட்டிருந்தாரே, கொறஞ்சிருச்சா அவருக்கு?” என்பாள் பிரமிளா.

“பரவால்ல இப்ப.”

இந்த ஆண்டுக் கண்காட்சிக்கு இடம் கேட்கும் கடைசி நாளன்று, மதியம், கால்வின் விண்ணப்பத் தாளோடு வந்தான். ஐயாவு காருக்கடியில் படுத்திருந்தான், கால்கள் மட்டும் வெளியே.

“அண்ணே, இன்னிக்கு அனுப்பியாகணும். உன் பேரு போடுறேன்.”

“உன் பேருலயே போடு லா. எப்பவும் அப்படித்தானே.”

“அப்பல்லாம் உன்கிட்ட ஐசி இல்ல. இப்ப என்னா?”

“ஜாலான் லாமாவுல போலிஸ் ரோட் பிளாக் போட்டிருந்தா?”

“காட்டிட்டுப் போய்க்கிட்டே இரு. அதுக்குத்தானே குடுத்தாங்க. சாமி மேடையில வச்சி சூடம் காட்டவா?”

காருக்கடியில் ஸ்பேனர் ஒன்று தரையில் வைக்கப்பட்டது மட்டும் கேட்டது.

“அவரு வர மாட்டாரு தம்பி,” என்றாள் பிரமிளா, துணி உலர்த்தியபடி. “அதான் தெனமும் போயிட்டு வாராரே. நேத்துக்கூட பீடோர்ல எனக்குக் கொய்யா வாங்கிக் குடுத்தாரு. திங்கத்தான் முடியல.”

கால்வின் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தான். பழக்கத்தில் தன் பெயரை எழுதத் தாளைத் தொடையில் வைத்தான்.

“இரு.”

ஐயாவு வெளியே வந்தான். கையை மண்ணெண்ணெயில் கழுவினான், பிறகு சோப்புப் போட்டுக் கழுவினான், பிறகு பிரமிளா உலர்த்திய துண்டிலேயே துடைத்தான். தாளை மோரிஸின் முன்மூடி மேல் விரித்தான். அவன் பெயரையும் ஐசி எண்ணையும் கால்வின் நிரப்பிக் கொடுத்து, அடியில் இருந்த கையெழுத்துக் கட்டத்தைக் காட்டினான். ஐசிக்கும் லைசென்சுக்கும் கட்டைவிரலே போதுமானதாக இருந்தது. இங்கே பேனாதான்.

“எவ்ளோ பெருசா போடணும்?”

“உன் இஷ்டம் அண்ணே.”

தகரத்தை வெட்டுவதற்கு முன் கோடு இழுப்பானே, அந்த நிதானத்தில் எழுதினான். மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இழுத்தான். அது கட்டத்தைத் தாண்டிப் போயிற்று. அடுத்த கட்டத்தைக் கால்வின் நிரப்பக் கை நீட்டியபோது, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“தேதி என்னாக்கா?”

சொன்னேன். அதையும் அவனே எழுதினான்: 12.4.2025.